மெஷின் வந்தது, தண்ணிக்கு வழி வரவில்லை

லாரியில் வரும் வாஷிங் மெஷினை இரண்டு பையன்கள் இறக்குவார்கள். அட்டைப்பெட்டியைக் கிழித்து, சமையலறை மூலையில் நிறுத்தி, பீலியில் ஒரு குழாயை மாட்டி, பிளக்கைச் சொருகி, "ஓகே அக்கா, இனி போடலாம்" என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். மெஷினுக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் நெளிநெளியாக ஒரு ஹோஸ் தொங்கும். அதன் நுனியைத் தரையில் உள்ள ஓட்டைப் பக்கம் காலால் தள்ளிவிட்டிருப்பார்கள். ஓட்டை இல்லாத வீடென்றால் பின்கதவு வழியாக வெளியே லோங்காங்கில், அதாவது திறந்த கால்வாயில், விட்டிருப்பார்கள். கடையில் மோட்டாருக்கு எத்தனை வருட வாரண்டி, எத்தனை கிலோ துணி பிடிக்கும், கரண்டு எவ்வளவு இழுக்கும் என்று ஒரு மணி நேரம் விசாரித்த குடும்பம், அந்த ஹோஸைப் பற்றி ஒரு கேள்வி கேட்டிருக்காது. விற்றவரும் சொல்லியிருக்க மாட்டார்.

பண்டார் தெங்காரா மாதிரி ஊர்களில் இந்தக் குறை இன்னும் பளிச்சென்று தெரியும். செம்பனைத் தோட்டங்களுக்கும் பெல்டா நிலத்திட்டங்களுக்கும் நடுவில் இருக்கும் இந்த ஊர் ஆற்றங்கரையிலோ சந்தைக் கூட்டுரோட்டிலோ தானாக முளைத்ததில்லை. 1972இல் அமைந்த கெஜோரா, அதாவது ஜொகூர் தெங்காரா மேம்பாட்டு வாரியம், காட்டைத் திறந்து குடியேற்றங்களைக் கொண்டுவந்தபோது அவற்றுக்குக் கடை, பள்ளி, அலுவலகம் வேண்டுமே என்று காகிதத்தில் கோடு போட்டு எழுப்பிய புதுநகரம். பண்டார் பெனாவாரும் அப்படி வந்ததுதான். அந்தக் காலத்துச் சிறுநகர வீடுகளின் சமையலறையை வரைந்தவர் மனத்தில் இருந்தது ஒரு சிங்க், ஓர் அடுப்பு மேடை, பாத்திரம் காயவைக்க ஓர் இடம். துணி துவைப்பது பின்கட்டுச் சமாச்சாரம். அதற்கு ஒரு பீலியும் கொஞ்சம் சரிவான சிமெண்டுத் தரையும் போதும். தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர்களுக்கு அதுவே பெரிய வசதி. பொதுப் பீலியடியில் கல்லில் அடித்துத் துவைத்து, தண்ணீரைக் கானில் ஓடவிட்ட தலைமுறைதானே.

வீடு அப்படியே இருக்க, சாமான்கள் மாறிவிட்டன. முதலில் இரட்டைத் தொட்டி மெஷின் பின்கட்டுக்கு வந்தது. பிறகு பின்கட்டுக்குக் கூரை போட்டு, சுவர் எழுப்பி, அதையே சமையலறை ஆக்கினோம். தானியங்கி மெஷின் உள்ளே வந்தது. சிங்குக்கு அடியில் தண்ணீர் வடிகட்டி உட்கார்ந்தது. இப்போது கையில் காசு கொஞ்சம் புரளும் வீடுகளில் பாத்திரம் கழுவும் மெஷினும் வருகிறது. இவை ஒவ்வொன்றும் தண்ணீர் குடிக்கும்; குடித்ததைத் துப்பியாகவேண்டும். உள்ளே வரும் பைப்புக்கு நாம் காட்டும் அக்கறையில் பாதிகூட வெளியே போகும் பைப்புக்குக் காட்டுவதில்லை. அழைப்பு வந்து பிளம்பர் பார்க்கும் கோளாறுகளில் பெரும்பகுதி இந்த இடத்தில்தான் பிறக்கிறது.

தொங்கும் ஹோஸும் படுத்த ஹோஸும்

மெஷினில் இரண்டு சாதி உண்டு. இதைத் தெரிந்துகொண்டால் பாதித் தொல்லை ஒழிந்தது.

நம் ஊரில் அதிகம் விற்கும் மேல்திறப்பு மெஷின்களில் பலவற்றுக்குத் தண்ணீரை வெளியே தள்ளும் பம்ப் கிடையாது. அடியில் ஒரு வால்வு திறக்கும்; தண்ணீர் தன் எடையால் தானே இறங்கும். இந்த வகைக்கு ஹோஸ் தரையோடு தரையாகப் படுத்திருக்கவேண்டும். வாசற்படிக் கட்டையைத் தாண்டவோ சுவர் ஓட்டையில் நுழைக்கவோ அதை ஒரு சாண் தூக்கினாலே தண்ணீர் முழுசாக வடியாது. ஹோஸில் தேங்கிய அழுக்குத் தண்ணீர் அடுத்த துவைப்பில் திரும்பக் கலக்கும். "புது மெஷின்தான், ஆனா துணி வாடை அடிக்குது" என்கிற புலம்பலுக்குப் பல வீடுகளில் இதுவே காரணம்.

முன்பக்கம் கண்ணாடிக் கதவு வைத்த மெஷின் அதற்கு நேர்மாறு. அதில் பம்ப் உண்டு. அதன் ஹோஸ் மேலே ஏறி வளைந்து இறங்கவேண்டும். கையேடுகளைப் புரட்டினால் பெரும்பாலும் தரையிலிருந்து 60 செ.மீ. முதல் 1 மீட்டர் வரை என்று போட்டிருக்கும். இதைத் தரையில் படுக்கப் போட்டால் என்ன ஆகும்? பழக்கடைக்காரர் டிரம்மிலிருந்து டியூப் வைத்து உறிஞ்சித் தண்ணீர் இறக்குவாரே, அதே வேலை நடக்கும். மெஷின் ஒரு பக்கம் தண்ணீரை நிரப்பும், மறுபக்கம் அது தானாக ஓடிப்போகும். மெஷினுக்கோ தொட்டி நிறையவில்லை என்கிற கவலை. மேலும் மேலும் இழுக்கும். ஒரு மணி நேரத்தில் முடியவேண்டிய துவைப்பு முடியாமல் ஓடும், கடைசியில் ஏதோ ஓர் எழுத்தையும் எண்ணையும் காட்டி நின்றுவிடும். தண்ணீர் உள்ளே வரும் வால்வு கெட்டுவிட்டது என்று அதை மாற்றிக் காசு வாங்கிக்கொண்டு போனவர்களும் இருக்கிறார்கள். ஹோஸைத் தூக்கிச் சுவரில் ஒரு கொக்கி போட்டு மாட்டியிருந்தால் தீர்ந்திருக்கும்.

பழைய மேல்திறப்பு மெஷினைக் கழித்துவிட்டு அதே மூலையில் முன்கதவு மெஷினை வைக்கும் வீடுகளில் இது தவறாமல் நடக்கும். பழைய ஹோஸ் படுத்திருந்த இடத்தில் புது ஹோஸையும் படுக்க வைத்துவிடுவார்கள்.

முறையான ஏற்பாடு ஒன்று உண்டு, சிக்கலானதும் இல்லை. மெஷினுக்குப் பக்கத்தில் சுவரோரமாக இரண்டு இஞ்ச் பைப் ஒன்று நிமிர்ந்து நிற்கவேண்டும். இடுப்பளவுக்குக் கொஞ்சம் கீழே அதன் வாய். ஹோஸின் நுனி அதற்குள் ஒரு கையகலம் மட்டும் இறங்கவேண்டும். இன்னும் ஆழமாகத் தள்ளினால் நுனி அழுக்குத் தண்ணீரில் மூழ்கி, உறிஞ்சல் மறுபடி ஆரம்பிக்கும். வாயைச் சுற்றி டேப் போட்டு இறுக்கி அடைக்கவும் கூடாது; அந்த இடைவெளி வழியாகக் காற்று போய்வந்தால்தான் தண்ணீர் மூச்சுத் திணறாமல் இறங்கும். பைப்பின் அடியில் தண்ணீர் தேங்கும் வளைவு ஒன்று, பிறகு வெளியே. ஒன்றரை இஞ்ச் பைப் போதாதா என்று கேட்பவர்கள், முன்கதவு மெஷினின் பம்ப் நிமிடத்துக்கு ஏறக்குறைய 15 லிட்டர் தள்ளும் என்பதை நினைத்துக்கொள்ளவேண்டும். பாதி அடைத்த ஒன்றரை இஞ்ச் பைப்பில் அது இறங்காது, தரைக்கு வரும். சிங்கில் ஒருவர் தட்டுக் கழுவும் தண்ணீர் வேறு, இந்த வேகம் வேறு.

புதுத் தாமான்களில் மெஷினுக்கென்றே ஒரு பீலி வைத்துத் தருகிறார்கள், அதை ஒப்புக்கொள்ளவேண்டும். ஆனால் பீலி ஒரு சுவரில் இருக்கும், தரை வடிகால் எதிர் மூலையில் இருக்கும். ஹோஸ் நடைபாதையைக் குறுக்கே கடந்து கிடக்கும்; வீட்டில் பாட்டி இருந்தால் கும்பிடு போட்டுத் தாண்டிப் போவார்.

டைலுக்குக் கீழே புதைந்தது

சமையலறையைப் பின்னால் இழுத்துக் கட்டாத தெரஸ் வீட்டை மலேசியாவில் தேடித்தான் கண்டுபிடிக்கவேண்டும். பண்டார் தெங்காராவும் விலக்கில்லை. தீபாவளிக்கு முன்னால் கான்ட்ராக்டர் வருவார். பின்சந்துவரை சுவர் எழுப்புவார். கல்லில் மேடை, பளபளக்கும் டைல், புது சிங்க். எல்லாம் மூன்று வாரத்தில் முடியும். அந்த அவசரத்தில் டைலுக்கு அடியில் என்னென்ன போகின்றன என்று வீட்டுக்காரர் நின்று பார்ப்பதில்லை.

முதலில், கழிவுநீர்க் குழாயின் மேன்ஹோல். வீட்டுக்குப் பின்னால் வெறும் மண்ணில் மூடியோடு கிடந்ததை இப்போது சமையலறைத் தரை விழுங்கியிருக்கும். மேன்ஹோலை மறைத்துக் கட்டாதீர்கள் என்று நாட்டின் கழிவுநீர்ச் சேவை நிறுவனமான இண்டா வாட்டர் கன்சோர்ட்டியம் சொல்லிக்கொண்டே இருக்கிறது. கேட்பவர்கள் குறைவு. ஒரு வீட்டில் மூடிய மேன்ஹோலால் அந்த வரிசையில் நாலாவது வீட்டுக் கழிப்பறை பொங்கும்; யார் வீட்டு டைலை உடைப்பது என்று அப்போது பஞ்சாயத்து நடக்கும்.

அடுத்தது சரிவு. பழைய சிங்க் வெளிச்சுவரை ஒட்டியிருந்தது. பைப் சுவரைத் தாண்டினால் நேரே லோங்காங். புது சிங்க் பத்து, பதினைந்து அடி தள்ளிப் போய்விட்டது, அல்லது பழைய லோங்காங்கே தரைக்குக் கீழே போய்விட்டது. நீளம் கூடினால் இறக்கமும் கூடவேண்டும். அடிக்குக் கால் இஞ்ச் என்பது பிளம்பர் மனப்பாடமாகச் சொல்லும் கணக்கு. பதினாறு அடி பைப்புக்கு நான்கு இஞ்ச் இறக்கம் வேண்டும். தரையை அவ்வளவு தோண்ட யாருக்கும் மனசு வருவதில்லை. பைப்பை ஏறத்தாழ மட்டமாகப் போட்டு, இரண்டு இடத்தில் முழங்கை மாதிரிச் செங்குத்தாகத் திருப்பி, மேலே சிமெண்டைக் கொட்டிவிடுவார்கள். தண்ணீர் போகும். அதோடு போகவேண்டிய சோற்றுப் பருக்கையும் எண்ணெயும் போகாது.

சிங்குக்கு அடியில் தண்ணீர் தேங்கி நிற்கும் பாட்டில் டிராப்பைக் கழற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும் உள்ளே என்ன இருக்கும் என்று. மேலே சாம்பல் நிறப் பாசி; அதன் கீழே விரலால் அழுத்தினால் பதியும் மஞ்சள் கட்டி. அதைப் பிய்த்தால் நார் நாராக வரும்: துணியிலிருந்து உதிர்ந்த பஞ்சு, தலைமுடி, தேங்காய்த் துருவல், தேயிலைத் தூள். நடுவில் ஒரு ரப்பர் பேண்டும் ஐந்து சென் காசும். எல்லாம் சேர்ந்து கம்பளித் துணிபோல் இறுகியிருக்கும். சிங்க் பைப்பிலேயே மெஷின் ஹோஸையும் சேர்த்துவிட்ட வீடுகளில்தான் இந்தக் கம்பளி நெசவு மும்முரமாக நடக்கிறது. எண்ணெய் தனியாகப் போனால் கொஞ்ச தூரம் போயிருக்கும், பஞ்சும் தனியாகப் போயிருக்கும். இரண்டும் ஒரே பைப்பில் சந்தித்தால் ஒட்டிக்கொள்கின்றன.

நம் சமையலின் பங்கும் கொஞ்சநஞ்சமில்லை. ஆட்டுக்கறி வைத்த சட்டியில் கொழுப்பு ஆறியதும் வெள்ளையாக உறைகிறதே, அது பைப்புக்குள்ளும் அப்படித்தான் உறையும். செம்பனை எண்ணெய் நம் வெப்பத்தில் உறையாதே என்று சமாதானம் சொல்பவர்கள் உண்டு. உண்மைதான், பாட்டிலில் உறையாது. ஆனால் எண்ணெயிலிருந்து பிரியும் கொழுப்பு அமிலம் சிமெண்டுக் கானில் உள்ள சுண்ணாம்போடு சேர்ந்து தண்ணீரில் கரையாத ஒருவகைச் சோப்பாக மாறும். 2017இல் லண்டனில் வைட்சேப்பல் பகுதிச் சாக்கடைக்குள் 250 மீட்டர் நீளத்துக்கு, 130 டன் எடையில் ஒரு கொழுப்புப் பாறை கிடைத்ததே, அது இந்த முறையில் வளர்ந்ததுதான். அதிலிருந்து ஒரு துண்டை வெட்டி அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். நம் லோங்காங் ஓரம் படிந்திருக்கும் வெள்ளைப் படலத்துக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

அரசு மானியத்தில் 2 வெள்ளி 50 காசுக்கு ஒரு கிலோ பொட்டல எண்ணெய் கிடைக்கும் நாட்டில் பொரித்த எண்ணெயைக் கொட்டக் கை கூசுவதில்லை. ஆனால் அதே பழைய எண்ணெயைப் பயோடீசலுக்காகக் காசு கொடுத்து வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். முறுக்கு சுட்ட எண்ணெயை ஒரு பழைய பாட்டிலில் ஊற்றி வைப்பதற்கு ஆகும் சிரமம், பைப்பைக் குத்த ஆள் தேடும் சிரமத்தைவிடக் குறைவு.

அடைத்துக்கொண்டால் என்ன செய்கிறோம்? கைபேசியில் பார்த்துச் சோடா மாவும் வினிகரும் ஊற்றுகிறோம். பொங்கும், பார்க்க அழகாக இருக்கும். ஒன்று காரம், ஒன்று அமிலம். இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு செத்து, உப்புத் தண்ணீராகப் போகும். கொழுப்பு இருந்த இடத்தில் இருக்கும். காஸ்டிக் சோடாத் தூளுக்குக் கொழுப்பைக் கரைக்கும் சக்தி உண்டு, கண்ணையும் கையையும் சேர்த்து. அதோடு கொதிக்கும் தண்ணீரையும் கொட்டினால் பிளாஸ்டிக் பைப் இளகி வளையும். பைப்பின் மட்டம் போய், அடுத்த அடைப்புக்கு அங்கே இடம் தயாராகும். காஸ்டிக் போட்டும் போகவில்லை என்று அடுத்து அமில வகையை ஊற்றுவது உயிரோடு விளையாட்டு. கீழே ஒரு வாளி வைத்து, டிராப்பைக் கையால் திருகிக் கழற்றி, பழைய பல்தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி மாட்டுவதற்கு இதையெல்லாம்விடக் குறைந்த நேரமே ஆகும். அருவருப்புத்தான் தடை. முன்கதவு மெஷினின் அடியில் வலது பக்கமோ இடது பக்கமோ ஒரு சிறிய கதவு இருக்கும். அதற்குள் பம்ப் வடிகட்டி. வாங்கிய நாளிலிருந்து அதைத் திறக்காத வீடுகள் எத்தனையோ.

லோங்காங்குக்குப் பிறகு

பழைய வீடுகளில் ஏற்பாடு இப்படி: கழிப்பறைத் தண்ணீர் மட்டும் செப்டிக் தொட்டிக்கோ கழிவுநீர்க் குழாய்க்கோ போகும். சிங்க், குளியல், துவைத்த தண்ணீர் எல்லாம் திறந்த லோங்காங்குக்கு. மழைத் தண்ணீருக்காக வெட்டிய கால்வாயில் நாள் முழுக்கச் சோப்புத் தண்ணீர் ஓடுவது அதனால்தான். பிறகு வந்த வீடமைப்புகளில் எல்லாக் கழிவுநீரும் ஒரே குழாயில் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும்படி கட்டுகிறார்கள். தன் வீடு இதில் எந்த ரகம் என்று தெரியாமலே பாதிப் பேர் இருக்கிறோம். புது வீட்டுக்காரர் மெஷின் ஹோஸை வெளியே லோங்காங்கில் விட்டால், சுத்திகரிக்கப் போகவேண்டிய தண்ணீரை அவரே வழிமாற்றி விடுகிறார்.

தேங்கி நாறும் லோங்காங் தண்ணீரில் பெருகுவது பெரும்பாலும் கியூலெக்ஸ் கொசு. டெங்கி பரப்பும் ஏடிஸ் அதைவிடத் தெளிந்த தண்ணீரைத் தேடும். ராத்திரி தூக்கத்தைக் கெடுப்பது முன்னது. சுவர் ஓட்டை வழியாக நேரே லோங்காங்கில் இறங்கும் ஹோஸும் பைப்பும் எலிக்கும் கரப்பானுக்கும் ஏணி. பலத்த மழையில் லோங்காங் நிரம்பி, பைப்பின் வாய் தண்ணீருக்குள் போய்விட்டால் ஓட்டம் திரும்பும். சமையலறைத் தரை ஓட்டை குமிழி விட ஆரம்பிக்கும். பிறகு கறுப்புத் தண்ணீர் வரும். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் அடுத்தடுத்து கோத்தா திங்கி மூழ்கிய வெள்ளத்தை இந்தப் பக்கத்து ஜனங்கள் மறக்கவில்லை. அந்த அளவு வெள்ளம் வேண்டியதில்லை. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் ஒரு சாயங்கால மழையே போதும். பைப்பின் வெளிவாயில் தண்ணீர் திரும்பாமல் தடுக்கும் ஒரு மடல் வால்வு வைத்தால் இது நிற்கும்.

இந்த லோங்காங்குகள் கடைசியில் போய்ச் சேரும் இடம் ஜொகூர் ஆறு. சாயோங் ஆறும் லிங்கியூ ஆறும் சேர்ந்துதான் அந்த ஆறு பெருக்கெடுக்கிறது. செமாங்கார் நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் அதிலிருந்து தண்ணீர் எடுக்கிறது. 1962ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி சிங்கப்பூர் நாளொன்றுக்கு 250 மில்லியன் கேலன் வரை 2061 வரைக்கும் இந்த ஆற்றிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். அதற்குத் துணையாக 1995இல் லிங்கியூ அணை கட்டப்பட்டது; 2016 அக்டோபரில் அதன் நீர் அளவு 20 விழுக்காட்டுக்கு இறங்கி இரண்டு பக்கமும் பயந்தார்கள். 2019 ஏப்ரலில் அமோனியா கூடிப்போனதால் சிங்கப்பூர் தன் ஜொகூர் ஆற்று நிலையத்தை நிறுத்திவைக்க நேர்ந்தது. இதற்கெல்லாம் நம் வீட்டு மெஷின் ஹோஸ் காரணம் என்று சொன்னால் அது அபாண்டம். ஆற்றைப் பெரிதாகக் கெடுப்பவை ஆலைகளும் பண்ணைகளும். ஆனாலும், நாம் குடிக்கும் ஆற்றின் தலைமாட்டில் இருக்கும் ஊர் நம்முடையது.

கண்ணுக்குத் தெரியாத தண்ணீர்ப் பூட்டு

தரை ஓட்டையின் மூடியைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே இரண்டு இஞ்ச் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும். அடைப்பு என்று நினைத்து அதைக் குத்துபவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தண்ணீர்தான் சாக்கடை வாடையும் பூச்சியும் உள்ளே ஏறாமல் தடுக்கும் கதவு. 1775இல் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரக்காரர் கழிப்பறைக்குக் காப்புரிமை வாங்கிய வளைவுதான் இன்றும் நம் சிங்குக்குக் கீழே இருப்பது. இதைவிட மலிவான, ஓசைப்படாத கண்டுபிடிப்பு வீட்டில் வேறொன்று இல்லை என்பேன்.

இந்தப் பூட்டு இரண்டு வகையில் உடையும். மெஷின் ஒரேயடியாகத் தண்ணீரைத் தள்ளும்போது, காற்று போகவர வழியில்லாத பைப்பில் அந்த ஓட்டம் பக்கத்து டிராப்பின் தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போய்விடும். துணி துவைக்கும் நாளில் மட்டும் சிங்க் களக் களக்கென்று சத்தம் போட்டு, பிறகு நாறினால் இதுதான் விஷயம். இன்னொன்று, புழங்காத ஓட்டை காய்ந்துபோவது. 2003இல் ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் அடுக்குமாடியில் 300க்கும் மேற்பட்டோருக்குச் சார்ஸ் தொற்றியது. காய்ந்துபோன தரை டிராப்புகள் வழியாக, குளியலறைக் காற்றாடி உறிஞ்சிய கழிவுக்குழாய்க் காற்று வீடுகளுக்குள் வந்தது என்று விசாரணையில் சொன்னார்கள். ஜன்னலைச் சாத்திவிட்டு அடுப்புக்கு மேலே புகைபோக்கியை ஓடவிடும் நம் சமையலறையும் அதே உறிஞ்சலைத்தான் செய்கிறது. ஊருக்குப் போய்த் திரும்பினால் ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு குவளை தண்ணீர் ஊற்றவேண்டும். போகும்முன் அதன்மேல் ஒரு கரண்டி சமையல் எண்ணெய் விட்டால் தண்ணீர் சீக்கிரம் ஆவியாகாது. எண்ணெயை ஊற்றாதே என்று இவ்வளவு நேரம் சொன்னவன்தான் சொல்கிறேன். ஒரு கரண்டி மட்டும்.

பாத்திரம் கழுவும் மெஷின் வாங்குகிறவர்களுக்கு ஒன்று. அதன் ஹோஸ் சிங்குக்குக் கீழே மேடையின் அடிப்பக்கம்வரை ஏறி வளைந்து, பிறகு இறங்கி, டிராப்பின் தண்ணீர் மட்டத்துக்கு மேலே சேரவேண்டும். நேராகத் தாழ்வாக மாட்டிவிட்டால், சிங்க் அடைக்கும் அன்று மீன் கழுவிய தண்ணீர் திரும்பிப்போய்க் கழுவிவைத்த தட்டில் நிற்கும். ஆர்.ஓ. வடிகட்டி என்றால் அது குடிக்கத் தரும் ஒரு லிட்டருக்குப் பல சமயம் அதைவிட அதிகமாக வெளியே விடும். பென்சில் பருமன்கூட இல்லாத அந்தக் குழாயைச் சிங்க் பைப்பில் துளையிட்டுப் பூட்டுவார்கள். துளையிட்ட பிசிறைத் தேய்க்காமல் விட்டால் பஞ்சும் கொழுப்பும் முதலில் பிடித்துத் தொங்குவது அந்தப் பிசிறில்தான். பூட்டுகிற ஆளைப் பக்கத்தில் நின்று தேய்க்கச் சொல்லலாம், கோபித்துக்கொள்ள மாட்டார்.

அடுத்து சமையலறை இழுத்துக் கட்டப் போகிறவர்கள் கான்ட்ராக்டரிடம் டைல் நிறத்தைப் பேசுவதற்கு முன் பேசவேண்டியவை சில. ஊராட்சி மன்றத்தில் வரைபடம் கொடுத்து அனுமதி வாங்கியாயிற்றா? மேன்ஹோல் எங்கே, அதன் மூடி திறக்கும்படி இருக்குமா? சிங்குக்கும் மெஷினுக்கும் தனித்தனிப் பைப். இரண்டும் வெளியே போய்ச் சேர்ந்தால் போதும். செங்குத்து முழங்கைக்குப் பதில் இரண்டு அரைத் திருப்பம். நீளமான ஓட்டத்தில் குத்துக்கம்பி விட ஒரு திறப்பு. இதற்கு ஆகும் அதிகச் செலவு, அவர் சிபாரிசு செய்யும் விலையுயர்ந்த டைலில் ஒரு மூலைக்குக்கூடக் காணாது.

சிமெண்ட் கொட்டும் முன் ஒரு வாளி தண்ணீரைச் சிங்க் பைப்பில் மொத்தமாகக் கவிழ்த்து, இன்னொருவரை வெளி வாயில் நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். சட்டென்று வந்து சட்டென்று நிற்கவேண்டும். சொட்டிக்கொண்டே இருந்தால் எங்கேயோ பள்ளம். அதைத் தூக்கிச் சரிபண்ணும்வரை கூலியின் கடைசிப் பாகத்தைக் கையில் வைத்திருக்கலாம். சரியானதும், சுவர் ஓரமும் அளவு நாடாவும் தெரியும்படி பைப்பைக் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். பின்னால் ஒருநாள் உடைக்க வேண்டி வந்தால், வருகிறவருக்கு எந்த டைல் என்று தெரியும்.